கூப்பிட்டுப் பார்த்துப் பெயர் வையுங்கள்

தத்தெடுத்த நாயோடு வாசலில் வந்து இறங்கியதும் தெருவில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "என்ன பேரு?" ஏதாவது பதில் சொல்லியாக வேண்டுமே என்று அந்த நிமிடம் வாயில் வந்ததைச் சொல்லிவிடுகிறோம். அதுவே நிலைத்துவிடுகிறது. பத்துப் பன்னிரண்டு வருடம், தினமும் எத்தனையோ முறை, கூப்பிடப்போகிற பெயர் அது. கொஞ்சம் பொறுத்து, யோசித்து வைக்கலாம்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் எங்கள் வீட்டுக்கு இதுவரை ஐந்து நாய்கள் வந்திருக்கின்றன. ஒன்றுகூட விலைக்கு வாங்கியது இல்லை. சந்தை ஓரத்தில் அடிபட்டுக் கிடந்தது ஒன்று, வீடு மாறிப் போனவர்கள் விட்டுவிட்டுப் போனது ஒன்று, பூட்டிக் கிடந்த வீட்டு முகப்பில் பிறந்த குட்டிகள் என்று ஒவ்வொன்றும் ஒரு வழியில் வந்தது. ஐந்துக்கும் பெயர் வைத்ததில் நான் கற்றுக்கொண்டதைத்தான் முதன்முதலாக நாயைத் தத்தெடுப்பவர்களுக்காக எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். பெயரை எழுதிப் பார்த்து அழகாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். கூப்பிட்டுப் பாருங்கள்.

மூன்று நாள் பொறுங்கள்

வந்த அன்றைக்கே பெயர் வேண்டாம். நாய் அப்போது நம்மைக் கவனிக்கும் நிலையிலேயே இருக்காது. புது இடத்தில் பயம் தெளிய 3 நாள், வீட்டு நடைமுறை பிடிபட 3 வாரம், இது நம் வீடு என்று நிம்மதியாகப் படுக்க 3 மாதம் என்று நாய் வளர்ப்பவர்கள் ஒரு கணக்கு சொல்வார்கள். எல்லா நாய்க்கும் அப்படியே பொருந்தாது. ஆனால் அந்த முதல் மூன்று நாள் கணக்கு எங்கள் வீட்டில் பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கிறது. எங்கள் நாய் கவுனி வந்த புதிதில் இரண்டு நாளும் வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டில் அண்டாக்களை அடுக்கியிருக்கும் மூலையை விட்டு வெளியே வரவில்லை. வைத்த சோற்றை இரவில் எல்லாரும் படுத்த பிறகுதான் தின்றாள். மூன்றாம் நாள் விடியற்காலையில் பால் வண்டி மணி கேட்டதும் அண்டாவுக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டினாள். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருப்பதை அப்போதுதான் பார்த்தோம்.

அந்த நாட்களில் சும்மா கவனியுங்கள். எந்தச் சத்தத்துக்குக் காது நிமிர்கிறது, எதற்கு உடம்பு ஒடுங்குகிறது, ஆண் குரலுக்குப் பயமா, துடைப்பத்தைக் கண்டால் பதுங்குகிறதா என்று பாருங்கள். பெயருக்கு மட்டும் இல்லை, பின்னால் எல்லாவற்றுக்கும் இது உதவும்.

அதற்காக ஒரு வாரத்துக்கு மேல் இழுக்கவும் கூடாது. பெயர் இல்லாத நாயை ஆளுக்கு ஒரு விதமாகக் கூப்பிடத் தொடங்கிவிடுவோம். ஒருவர் "தோ தோ" என்பார், ஒருவர் "ச்சு ச்சு" என்பார், இன்னொருவர் "ஏய்" என்பார். "ஏய்" என்பதையே தன் பெயராக எடுத்துக்கொண்ட நாயை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் யார் யாரை அதட்டினாலும் அது பயந்துகொண்டே எழுந்து வந்து நிற்கும்.

பழைய பெயர் ஒன்று இருந்திருக்கலாம்

இரண்டு மாதக் குட்டி என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். வளர்ந்த நாய் என்றால் அவசியம் படியுங்கள்.

கழுத்தில் பட்டை கிடந்த தடம், படியேறி உள்ளே வரத் தயங்காத பழக்கம், கையை நீட்டினால் தானாக உட்காருவது: இதெல்லாம் முன்பு ஒரு வீட்டில் இருந்த நாய் என்பதற்கு அடையாளம். கொடுத்தவர் யாரென்று தெரிந்தால் பெயரோடு சேர்த்து, அங்கே என்ன சொல்லிப் பழக்கினார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சென்னை அடுக்குமாடி வீட்டிலிருந்து வந்த நாய்க்கு "சிட்" புரியும், "உட்காரு" புரியாது.

யாரென்று தெரியாவிட்டால் நாயிடமே கேட்கலாம். வீடு அமைதியாக இருக்கும் நேரத்தில், அது சும்மா படுத்திருக்கும்போது, நாலடி தள்ளி உட்கார்ந்து, நம் பக்கம் வழக்கமாக வைக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். மணி, டைகர், ஜிம்மி, டாமி, ப்ளாக்கி, ரோசி, ஜூலி, பப்பி, சீசர், ராஜா. எல்லாவற்றையும் ஒரே குரலில், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே இடைவெளி விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு பெயரைக் கொஞ்சிச் சொன்னால் அது குரலுக்குத் திரும்புகிறதா, பெயருக்குத் திரும்புகிறதா என்று தெரியாது. காதையும் வாலையும் மட்டும் பாருங்கள்.

வால் ஆடினால், முகம் மலர்ந்தால், அந்தப் பெயரையே வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அது பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. வீடு, மனிதர்கள், வாசனை எல்லாவற்றையும் இழந்து வந்திருக்கும் நாய் கூடக் கொண்டுவந்திருப்பது அந்தப் பெயர் ஒன்றைத்தான்.

பயந்தால் அந்தப் பெயரை அன்றோடு விட்டுவிடுங்கள். எங்களிடம் வந்த செவலை நாய் ஒன்று தட்டில் சோறு தின்றுகொண்டிருந்தபோது இப்படிப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தேன். எட்டுப் பெயர் வரை தலை நிமிரவில்லை. "ராஜா" என்றதும் மெல்லுவதை நிறுத்தியது. வாயில் சோறு அப்படியே இருக்க, இரண்டு காதும் பின்னால் ஒட்டிக்கொண்டன. பின்னங்கால் மெல்லத் தாழ்ந்து, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் சிறுநீர் ஓடியது. எத்தனை அடிக்கு முன்னால் அந்தப் பெயரைச் சொல்லியிருப்பார்களோ! அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் குழந்தைகளைக்கூட யாரும் "ராஜா" என்று கொஞ்சியது இல்லை. அவனுக்குப் பாரி என்று பெயர் வைத்தோம்.

பயமும் இல்லை, பெரிய பிரியமும் இல்லை, ஆனால் உங்களுக்கு மாற்ற வேண்டும் என்று தோன்றினால் மாற்றலாம். புதுப் பெயரை முன்னாலும் பழையதைப் பின்னாலும் சேர்த்து "பாரி டாமி" என்று ஒரே மூச்சில் பத்து நாள் கூப்பிடுங்கள். அப்புறம் பழையதை மெல்ல விட்டுவிடலாம்.

நாய் கேட்பது விளியை

தமிழில் பெயரை எழுதுவது ஒரு மாதிரி, கூப்பிடுவது ஒரு மாதிரி. கருப்பன் என்று எழுதுகிறோம், "கருப்பா" என்று கூப்பிடுகிறோம். வள்ளி என்று எழுதுகிறோம், "வள்ளீ" என்று நீட்டுகிறோம். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வேற்றுமை, விளி வேற்றுமை என்று படித்தோமே, அதேதான். நாய் வாழ்நாள் முழுக்கக் கேட்கப்போவது இந்த விளியைத்தான். ஆகவே பெயரைத் தேடும்போதே அதன் விளி எப்படி இருக்கும் என்று பார்த்துவிடுங்கள்.

நம் செட்டிநாட்டு வீடுகளுக்கு இது மிகவும் முக்கியம். முகப்பில் நின்று கூப்பிட்டால் குரல் நடுமுற்றமான வளவைத் தாண்டி, இரண்டாங்கட்டைத் தாண்டி, பின்வாசலில் படுத்திருக்கும் நாய்க்குப் போய்ச் சேர வேண்டும். பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. கல் தரை, வழவழவென்ற சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை எல்லாமாகச் சேர்ந்து குரலை எதிரொலித்துக் குழப்பும். நான் ஒருமுறை பவளம் என்ற பெயரைச் சோதித்துப் பார்த்தேன். எழுத்தில் எவ்வளவு அழகு! முகப்பில் நின்று கூப்பிட்டால் கடைசியில் உதடு மூடிக்கொள்கிறது. "பவளம்" வளவோடு முடிந்துபோனது. கயல் என்றாலும் அப்படித்தான். நாக்கு மேலே ஒட்டியதும் ஒலி நின்றுவிடுகிறது. இப்படி மெய்யெழுத்தில் முடிகிற பெயர்களுக்கு நாமே ஒரு உகரத்தை ஒட்டிக்கொள்வோம். டைகர் என்று பெயர் வைத்த வீட்டில் போய்க் கேளுங்கள், "டைகரு" என்றுதான் கூப்பிடுவார்கள்.

இகரத்தில் முடியும் பெயர் "ஈ" என்று நீளும். அன் விகுதியில் முடிவது "ஆ" என்று திறக்கும். ஆகாரத்தில் முடிவது அப்படியே நீளும். இந்த மூன்றும்தான் தூரம் போகும். அப்பு, சின்னு மாதிரியான செல்லப் பெயர்களையும் "அப்பூ" என்று நீட்டலாம், தவறில்லை.

நீளம் எவ்வளவு? இரண்டு அசை போதும். யாப்பு படித்தவர்களுக்குச் சுலபமாகச் சொல்வதென்றால், தேமா அல்லது புளிமா. பாரி, மைனா, வீரா எல்லாம் தேமா. கவுனி, செவலை, "கருப்பா" எல்லாம் புளிமா. அதைவிட நீளமான பெயரை வைத்தாலும் ஒரே மாதத்தில் வீட்டில் வெட்டிச் சுருக்கிவிடுவார்கள், அதுவும் ஆளுக்கு ஒரு இடத்தில் வெட்டுவார்கள். க, ச, ட, ப போன்ற வல்லெழுத்தில் தொடங்கினால் காதில் சட்டென்று தைக்கும் என்று நாய்ப் பயிற்சியாளர்கள் சொல்வார்கள். இருந்தால் நல்லது. இல்லை என்பதற்காக ஒரு நல்ல பெயரைக் கைவிட வேண்டியதில்லை.

சரி, செய்ய வேண்டியது என்ன? மூன்று அல்லது நான்கு பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். முகப்பில் நின்று ஒவ்வொன்றையும் பத்து முறை உரக்கக் கூப்பிடுங்கள். வீட்டில் ஒருவரைப் பின்வாசலில் நிற்கச் சொல்லி, எது தெளிவாகக் கேட்டது என்று கேளுங்கள். அப்புறம் இன்னொன்று: காரைக்குடி கல்லுக்கட்டிக் கடைத்தெருவில் கூட்டத்துக்கு நடுவே நாய் கயிற்றை உருவிக்கொண்டு ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு கூப்பிட்டுப் பாருங்கள். கூச்சமில்லாமல் கத்த முடிகிற பெயர்தான் உதவும்.

நிலாவும் "நில்லு"வும்

வெள்ளைக் குட்டி ஒன்றுக்கு நாங்கள் நிலா என்று பெயர் வைத்தோம். "நிலா" நன்றாக நீளும், எல்லார் வாயிலும் வரும், பெயரிலும் குறை இல்லை. இரண்டு மாதம் கழித்து, வாசலைத் தாண்டி ஓடாமல் இருப்பதற்காக "நில்லு" என்று சொல்லிப் பழக்கத் தொடங்கினோம். குட்டி நிற்கவே இல்லை. "நில்லு" என்றதும் வாலை ஆட்டிக்கொண்டு எங்களை நோக்கி ஓடிவந்தது. மந்தம் என்று நினைத்தோம். ஒருநாள் என் மகள் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்தாள். இந்தப் பக்கம் குட்டி. நடுவே மணல் லாரி வருகிறது. மகள் பதறிப்போய் "நில்லு! நில்லு!" என்று கத்தினாள். குட்டிக்குக் கேட்டது தன் பெயர். நேரே ரோட்டில் பாய்ந்தது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததால் பிழைத்தது. குட்டி மந்தமில்லை, பெயரை அப்படி வைத்தது நாங்கள். அன்றைக்கே "நில்லு"வை விட்டுவிட்டு, கையை விரித்துக் காட்டி "ஸ்டே" என்று பழக்கினோம்.

இதற்குக் காரணம் பின்னால்தான் தெரிந்தது. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் ஈயோட்வோஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டு நாய்களின் தலையில் மின்முனை பொருத்தி, தெரிந்த சொல்லையும் அதிலிருந்து ஓர் ஒலி மட்டும் மாறிய பொருளற்ற சொல்லையும் கேட்கவைத்துப் பார்த்தார்கள். முற்றிலும் வேறான சொல் என்றால் நாய்களின் மூளை வேறுபாட்டைக் காட்டியது. ஓர் ஒலி மட்டும் மாறினால் காட்டவில்லை. காது நம்மைவிடக் கூர்மைதான், சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஆனால் சொல்லுக்குள் இருக்கும் சின்ன எழுத்து மாற்றத்தை நம்மைப்போல அது கவனிப்பதாகத் தெரியவில்லை.

ஆகவே நீங்கள் அன்றாடம் சொல்லும் சொற்களை முதலில் எழுதிக்கொண்டு பெயரை அதோடு ஒப்பிடுங்கள். "வா" என்று பழக்குவதாக இருந்தால் வாசு, வாணி வேண்டாம். "இரு" என்பவர்கள் இருளனைத் தவிர்க்கலாம். "சூ" என்பது நாயை ஏவிவிடும் சொல், சூரி என்ற பெயர் அதோடு உரசும். சீசர் எல்லாருக்கும் பிடித்த பெயர்தான், ஆனால் நாம் நாயை விரட்டுவது "ச்சீ" என்று சொல்லித்தானே! அந்த முதல் எழுத்திலேயே பாதி நாய்கள் தயங்கி நின்றுவிடும் என்பது என் எண்ணம். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் நாய், குழந்தைகளின் பெயர்களோடும் இதேபோல ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் மீனா இருக்கும்போது நாய்க்கு மைனா வேண்டாம்.

வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்

நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) வீடுகளில் ஐயா, அதாவது தாத்தா, பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான். அதனால் ஒரே பெயர் தலைமுறை விட்டுத் தலைமுறை சுற்றிக்கொண்டே இருக்கும். சொக்கலிங்கம், மெய்யப்பன், அண்ணாமலை, மீனாள், வள்ளியம்மை, உமையாள் இல்லாத தெரு உண்டா? அதன் சுருக்கங்களும் யாரோ ஒருவரைக் கூப்பிடும் பெயர்கள்தான். மாமனார் பெயரை வாயால் சொல்லாத மருமகள்கள் பழைய வீடுகளில் இன்றும் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் இருக்கும் வீட்டில் நாய்க்கு அந்தப் பெயரை வைத்துவிட்டு, "சோறு வச்சியா?" என்று அவரைக் கேட்பது எவ்வளவு சங்கடம்! மூன்று தலைமுறைப் பெயர்களையும், இரண்டு பக்கத்து வீட்டுப் பெயர்களையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

கருப்பு நாய்க்குக் கருப்பன் என்பது யாருக்கும் தோன்றும் பெயர். ஆனால் நம் பக்கம் கருப்பர் காவல் தெய்வம். சில வீடுகளில் அதனாலேயே அந்தப் பெயரை விரும்பி வைப்பார்கள், காவலுக்கு நிற்கிறவனுக்குக் காவல் தெய்வத்தின் பெயர் என்று. சில வீடுகளில் அந்தப் பெயரைச் சொல்லித் திட்ட நேரிடுமே என்று மனம் வருந்துவார்கள். வைரவன் என்ற பெயரும் அப்படித்தான். வைரவருக்கு வாகனமே நாய்தான். வைரவன்பட்டி பக்கத்திலேயே இருக்கிறது, தேய்பிறை அஷ்டமியில் வைரவர் சந்நிதிக்குப் போகிறவர்கள் பலர். நாயைத் தத்தெடுக்க வீட்டில் முதலில் மறுத்த பெரியவர்கள், "வைரவர் வாகனம்" என்ற ஒரு சொல்லில் மனம் மாறியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வைக்கலாமா கூடாதா என்பதை உங்கள் வீட்டு ஆயாதான் (பாட்டிதான்) சொல்ல வேண்டும்.

சாதிப் பெயர், பிடிக்காத பக்கத்து வீட்டுக்காரர் பெயர், அரசியல்வாதி பெயர் எதுவும் வேண்டாம். யாரையோ இழிவுபடுத்துவதற்கு ஒரு உயிரை ஏன் பயன்படுத்த வேண்டும்?

பெரியவர்களைக் கேட்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் நாக்கு. என் மகள் ஒரு குட்டிக்கு ஸ்னோயி என்று பெயர் வைத்தாள். ஆயா இரண்டு நாள் முயன்று பார்த்தார். "சுனாயி" வந்தது, "சோனை" வந்தது. கடைசியில், "ஏத்தா, என் வாய்க்குள்ள நுழையிற பேரா ஒண்ணு வையேன்" என்றார். நாய்க்குச் சோறு வைப்பது ஆயா. பகல் முழுக்க அதோடு இருப்பதும் அவர்தான். அவர் வாயில் வராத பெயர் அந்த நாயின் பெயராக ஆகவே முடியாது.

பூட்டிக் கிடக்கும் வீடுகளில் இது இன்னும் பெரிய சிக்கல். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். நாயை வளர்ப்பது காவல்காரர். கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் வந்து இறங்குகிற குடும்பம் வைத்த பெயர் ஒன்று, வருடம் முழுக்க அவர் கூப்பிடுவது ஒன்று. வேட்டுச் சத்தத்தில் நாய் மிரண்டு ஓடினால் எந்தப் பெயரைச் சொல்லித் தேடுவது? அப்படிப்பட்ட வீட்டில் காவல்காரர் கூப்பிடும் பெயரையே எல்லாரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயரை எங்கே தேடுவது

மாட்டுக்கு நம்மிடம் எத்தனை நிறப்பெயர்கள்! சிராவயல் மஞ்சுவிரட்டில் போய் நின்று கேளுங்கள். செவலை, மயிலை, காரி. நாட்டு நாய்களின் நிறமும் ஏறத்தாழ இவைதான். சாம்பல் நாய்க்கு மயிலை, செம்பழுப்புக்குச் செவலை, கருப்புக்குக் காரி. மூன்றுமே கூப்பிட வாகானவை.

பாரி என்பது எங்கள் பக்கத்துப் பெயர். வள்ளல் பாரி ஆண்ட பறம்புதான் இன்றைய பிரான்மலை, சிங்கம்புணரிக்குப் பக்கத்தில். ஆண் நாய்க்கு இதைவிட நல்ல பெயர் எனக்குத் தோன்றவில்லை. பழந்தமிழில் நாய்க்கே ஞமலி என்று ஒரு சொல் உண்டு. "ஞமலீ" என்று நன்றாக நீளும், ஆனால் ஞகரம் எல்லார் வாயிலும் ஒரே மாதிரி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுப்படியிலும் பெயர் கிடைக்கும். கவுனி அப்படித்தான் வந்தாள். அண்டா மூலையிலிருந்து அவள் வெளியே வந்த அன்றைக்கு ஆயா கருப்புக் கவுனி அரிசியைக் களைந்துகொண்டிருந்தார். தண்ணீரில் அரிசி கருஞ்சிவப்பாக மின்னியது. வெயிலில் நின்ற நாயின் முதுகும் அதே நிறம். பர்மாவுக்குப் போய்வந்த நகரத்தார் கொண்டுவந்த அரிசி என்று சொல்வார்கள். எங்கிருந்தோ வந்து இந்த வீட்டுச் சொத்தாகிவிட்ட அதன் பெயர் அவளுக்கும் பொருந்தியது. சீயம், கும்மாயம், அதிரசம் எல்லாம் நாவுக்கு இனிமை, ஆனால் மூன்றும் மகரத்தில் முடிகின்றன. மேலே சொன்ன பவளம் கதைதான் ஆகும்.

பெயரைச் சொல்லிக்கொடுப்பது

பெயரை முடிவு செய்ததும் வீட்டில் எல்லாரிடமும் சொல்லி, நாட்காட்டிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். பத்து நாளைக்கு வேறு செல்லப் பெயர் கூடாது.

கையில் நிலக்கடலை அளவு துண்டுகளாக ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள். எலும்பில்லாத வேகவைத்த கோழி, வேகவைத்த முட்டை, இட்லித் துண்டு எதுவானாலும் சரி. நம் வீட்டுக் குழம்பில் ஊறிய கறியைக் கொடுக்க வேண்டாம். செட்டிநாட்டுச் சமையலில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாத குழம்பு அபூர்வம், இரண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. திராட்சை, கிஸ்மிஸ், சாக்லேட்டும் ஆகாது.

நாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பெயரை ஒரே ஒரு முறை, உற்சாகமாகச் சொல்லுங்கள். திரும்பிப் பார்த்த அந்தக் கணமே ஒரு துண்டு. திரும்பாவிட்டால் "கவுனி, கவுனி, கவுனி" என்று அடுக்காதீர்கள். அப்படி அடுக்கினால் நாலாவது முறைக்குத் திரும்பினால் போதும் என்று அது கற்றுக்கொள்ளும். இரண்டடி கிட்டே போய் மறுபடி ஒருமுறை சொல்லுங்கள். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும், ஒரு நாளைக்கு மூன்று வேளை. முதலில் ஒரே அறையில், பிறகு வளவில், பிறகு முகப்பிலிருந்து, கடைசியாகத் தெருவில். சத்தத்துக்கு நடுவே கேட்குமா என்று கவலை வேண்டாம். அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தார் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பின்னால் பலர் பேசும் சத்தம் பெயரைச் சொல்லும் குரலுக்குச் சமமாக இருந்தபோதும் நாய்கள் தங்கள் பெயரைக் கண்டுகொண்டன. நன்றாகப் பதிந்த பெயருக்கு அவ்வளவு வலு உண்டு.

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: பெயரைச் சொல்லித் திட்டாதீர்கள். செருப்பைக் கடித்தால் "வேண்டாம்" என்று சொல்லுங்கள், பெயரைச் சேர்க்காதீர்கள். குளிப்பாட்ட, மாத்திரை கொடுக்க, நகம் வெட்டப் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். நீங்களே எழுந்து போய்த் தூக்கி வாருங்கள். ஓடிப்போன நாய் அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால், எவ்வளவு கோபம் இருந்தாலும், பெயரைச் சொல்லித் தடவிக்கொடுங்கள். அந்த நேரத்தில் அடித்தால் ஓடியதற்காக அடித்தார்கள் என்று நாய்க்குத் தெரியாது. பெயர் கேட்டு வந்தேன், அடித்தார்கள் என்றுதான் பதியும். எங்கள் பாரிக்கு "ராஜா" என்ற பெயர் அப்படித்தான் கசந்திருக்க வேண்டும்.

அட்டையிலும் பட்டையிலும்

பெயர் பதிந்ததும் கால்நடை மருத்துவமனையில் தடுப்பூசி அட்டை போட்டு அதே பெயரை எழுதச் சொல்லுங்கள். குட்டிக்கு 3 மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் கணக்கில் ஆண்டுதோறும். கழுத்துப் பட்டையில் உங்கள் கைபேசி எண்ணைப் பெரிதாகப் பொறித்து மாட்டுங்கள். தெருமுனைக் கடைக்காரர், பால்காரர், தபால்காரர் எல்லாருக்கும் பெயரைச் சொல்லிவையுங்கள். தொலைந்த நாயை முதலில் பார்ப்பது அவர்கள்தான்.

திரும்பவே இல்லை என்றால்

ஒரு மாதம் பழக்கியும் பெயருக்குத் திரும்பாத நாயை மந்தம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காதைச் சோதியுங்கள். அது தூங்கும்போது, பார்வைக்குப் படாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். தரையைத் தட்டக் கூடாது, அதிர்வு உடம்பில் தெரிந்துவிடும். அசைவே இல்லையென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். காதில் சீழோ உண்ணியோ இருக்கலாம், அவற்றுக்கு வைத்தியம் உண்டு. வெள்ளை நாய்களில் பிறவியிலேயே காது கேளாதவை மற்ற நிறங்களைவிட அதிகம், இராஜபாளையம் நாய்களிலும் அது காணப்படுவதுண்டு.

அப்படிப்பட்ட நாய்க்கும் பெயர் வைக்கலாம். கையால் வைக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி காட்டக்கூடிய சைகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையை நெஞ்சில் இரண்டு முறை தட்டுவது நல்ல சைகை, தூரத்திலிருந்தும் தெரியும். நாய் உங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சைகையைக் காட்டி ஒரு துண்டு கொடுங்கள். அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் காலால் தரையில் ஒரு தட்டு. இருட்டில் டார்ச்சை ஒருமுறை தரையில் மின்னவிட்டு அணையுங்கள், கண்ணில் அடிக்க வேண்டாம். எங்களிடம் கடைசியாக வந்த வெள்ளைக் கிழவிக்கு இந்தப் பெயர்தான். வளவின் அந்தக் கோடியில் படுத்திருப்பாள். ஆயா பட்டாலை என்னும் கூடத்தில் உட்கார்ந்து நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினால் போதும், எழுந்து உடம்பை ஒருமுறை உதறிக்கொண்டு, கல் தரையில் நகம் டக் டக்கென்று ஒலிக்க வந்து அவர் காலடியில் படுத்துக்கொள்வாள்.